ஜிபாரின் அப்பா

ஜூராகான் முப்பத்திரண்டு வருஷமாகத் தன் கணவரின் பெயரை வாயால் சொன்னதில்லை. அவர் உயிரோடு இருந்தபோதும் சொல்லவில்லை, கணவாயில் பனிச்சரிவில் சிக்கிச் செத்து மண்ணுக்குள் போன பிறகும் சொல்லவில்லை. கோக்-ஜாருக்கு அவள் மருமகளாக வந்து இறங்கிய அன்று, மாமியார் அவள் தலையில் வெள்ளை முக்காட்டைக் கட்டிவிட்டுக் காதோடு சொன்னாள்: "இந்த வீட்டு ஆம்பளைங்க பேரு உன் நாக்குல படக்கூடாது. உன் சமையல் வாயில வைக்க முடியாம இருந்தாலும் பொறுத்துக்குவேன். இதைப் பொறுத்துக்க மாட்டேன்."

பாமீர் மேட்டில் கிர்கிஸ் வீட்டுக்கு வாழ்க்கைப்படும் எந்தப் பெண்ணுக்கும் இது புதிய சேதி இல்லை. புருஷன், மாமனார், அவரைப் பெற்றவர், மைத்துனர்கள் என்று யாருடைய பெயரும் அவளுக்குக் கிடையாது. ஆளுக்கொரு பெயரை அவளே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஜூராகானும் வைத்துக்கொண்டாள். மாமனாரின் அப்பா வாழ்நாள் முழுக்க வெள்ளைக் குதிரையில் திரிந்தவராம். அவர் வெள்ளைக் குதிரைக்காரர் ஆனார். மாமனாருக்குத் தாடி சிவப்பாக இருந்ததால் அவர் செந்தாடி அப்பா. அந்த மாமனாரின் பெயரும் அவர்கள் மொழியில் கோடாலியின் பெயரும் ஒன்றாகப் போய்விட்டது அவள் தலையெழுத்து. கோடாலியைக்கூட அவள் 'வெட்டுறது' என்றுதான் சொல்லுவாள். புருஷன் முதல் இரண்டு வருஷம் வெறும் 'அவர்'தான். மகள் பிறந்ததும் ஜிபாரின் அப்பா ஆகிவிட்டார்.

இந்த நல்ல பழக்கம்தான் ஒருநாள் நீதிமன்றத்தில் அவள் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது.

கோக்-ஜார் ஒரு குளிர்கால மேய்ச்சல் இடம். பதினோரு மண் வீடுகள், யாக் என்கிற சடைமாடுகளின் பட்டிகள், வடக்கே ஒரு சரிவு. அந்தச் சரிவில் குட்டைச் சுவருக்குள் மண்ணால் எழுப்பிய குவிமாடங்களின் கீழே ஊரின் செத்தவர்கள் எல்லோரும் கிடந்தார்கள். கல்லில் பெயர் வெட்டும் வழக்கம் அங்கே இல்லை. யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும், பிறகு எழுதி எதற்கு? அந்தச் சரிவுக்குக் கீழே தங்கம் இருப்பதாக எவனோ கண்டுபிடித்துவிட்டான். தலைநகரத்தில் ஒரு கம்பெனி சரிவையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்தது. ஒரு நாள் இரண்டு லாரிகள் வந்து, துளைபோடும் இயந்திரம் ஒன்றை இறக்கி வைத்துவிட்டுப் போயின.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. சிறுபான்மை இனத்தார் மூன்று தலைமுறையாக வாழ்ந்து, தங்கள் செத்தவர்களைப் புதைத்த நிலத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. படித்தால் இனிக்கும். ஆனால் மூன்று தலைமுறையை நிரூபிக்க வேண்டும். சோவியத் காலத்துக் கூட்டுப்பண்ணையின் குடும்பப் பட்டியல் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. அதில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று பெயர்களும் வரிசையாக இருந்தன. அந்த மூன்று பேரும் இந்தச் சரிவில்தான் புதைந்திருக்கிறார்கள் என்று, இருபத்தைந்து வருஷம் விடாமல் அங்கேயே குடியிருந்த இரண்டு சாட்சிகள் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஆண்கள் யாரும் அந்தக் கணக்குக்கு வரவில்லை. எல்லோரும் வருஷத்தில் பாதியை ருஷ்யாவில் கட்டட வேலையில் கழிப்பவர்கள். விடாமல் அங்கேயே கிடந்தவர்கள் பெண்கள்தான். அதனால் ஜூராகானும் அவள் ஓரகத்தி பாத்மாவும் சாட்சியானார்கள். பாத்மா, ஜிபாரின் அப்பாவுடைய தம்பியின் மனைவி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி. அரசாங்க மொழியான தாஜிக் நன்றாகப் பேசுவாள், வாயும் கொஞ்சம் நீளம்.

வசந்தத்தில் வக்கீல் நிகினா ஜீப்பில் வந்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். கட்டணம் வாங்காமல் வழக்கு நடத்தும் சின்ன அமைப்பு ஒன்றில் இருந்தாள். மேட்டுக் காற்றில் மூச்சு வாங்க, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உப்புப் போட்ட பால் தேநீரைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"முகத்தைச் சுளிக்காதே பொண்ணு," என்றாள் பாத்மா. "இதைக் குடிச்சாத்தான் இங்க மூச்சு நிக்கும். உங்க ஊரு சக்கரைத் தண்ணி இங்க வேலைக்கு ஆகாது."

நிகினா சிரித்துவிட்டு நோட்டை எடுத்தாள். அவள் கேட்க, ஜூராகான் கிர்கிஸ் மொழியில் சொல்ல, பாத்மா தாஜிக்கில் மாற்றிச் சொன்னாள்.

"சுவருக்குள்ள நுழைஞ்சதும் முதல் குவிமாடம். அது யாரு பெரியம்மா?"

"வெள்ளைக் குதிரைக்காரர். எங்க மாமனாரைப் பெத்தவரு."

"அடுத்தது?"

"செந்தாடி அப்பா. மூணாவது சின்னது. அது ஜிபாரின் அப்பா." அதைச் சொல்லும்போது அவள் தேநீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிகினா பேனாவை நிறுத்தினாள். "இதெல்லாம் பேருதானா?"

"நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்," என்றாள் பாத்மா. "எழுதிக்கோ. எங்க அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா மூக்கு வேர்த்துடும்."

பாத்மா ஏமாற்றவில்லை. அவளும் அதே வீட்டு மருமகள். அந்த மூன்று ஆண்களையும் அவளும் அப்படித்தான் கூப்பிட்டு வந்தாள். இருபத்தேழு வருஷம் பழகிப்போன வாய்க்கு அது விசித்திரமாகவே படவில்லை. மேட்டுக்காரர்களுக்கு இப்படியும் பெயர் இருக்கும் போல என்று நிகினா நினைத்துக்கொண்டாள். காப்பகத்துப் பட்டியல் அவள் கைக்கு வர இன்னும் மூன்று வாரம் ஆக வேண்டியிருந்தது. வந்தபோது அதை நகல் எடுத்து மனுவோடு சேர்த்துத் தைத்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை படித்திருந்தால் போதும். நாற்பது வழக்குகளை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்த பெண், படிக்கவில்லை. அவளைத் திட்டவும் மனசு வரவில்லை.

மாவட்ட நீதிமன்றத்தில் அதைப் படித்தவன் கம்பெனி வக்கீல். ஒல்லியான, மிக மரியாதையான ஆள்.

"கனம் நீதிபதி அவர்களே, பட்டியல்ல இருக்கிற மூணு பேருல ஒரு பேரைக்கூட இந்தச் சாட்சிகள் சொல்லல. அவங்க சொல்ற மூணு பேரும் பட்டியல்லயே இல்ல. அப்ப புதைஞ்சிருக்கிறது யாரு? வழிப்போக்கனுங்களா?"

நிகினா அவசரமாக மனுவின் பின்பக்கத்தைப் புரட்டினாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஜூராகானைப் பார்த்தார். நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர் சந்தையில் கிர்கிஸ் பேசக் கற்றுக்கொண்ட ஒரு தாஜிக் கிழவர். கேள்வியை அப்படியே தூக்கிப் போட்டார்.

"அம்மா, உங்க புருஷன் பேரு என்ன?"

"ஜிபாரின் அப்பா."

"ஜிபார் யாரு?"

"என் மக."

"மகளோட அப்பான்னு தெரியுது. அந்த அப்பாவுக்குப் பேரு என்ன?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜூராகானின் காது இரண்டும் சுட்டன. பெயர் அவளுக்குத் தெரியும். தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதற்கு மேலே மாமியார் கட்டிய முக்காடு குறுக்கே கிடந்தது போல் இருந்தது. அவள் பாத்மாவைத் திரும்பிப் பார்த்தாள். எப்போதும் வாய் ஓயாத பாத்மா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நீதிபதி கெட்டவர் இல்லை. பதினைந்து நிமிஷம் அவகாசம் கொடுத்தார்.

நடைவழியில் நிகினா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பாத்மா திக்கித் திணறி விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தாள்.

"பெரியம்மா, எனக்குத் தெரியாமப் போச்சு, தப்பு என்னுதுதான். இப்ப உள்ள போய் மூணே மூணு பேரு. மூணு நொடி. அவ்வளவுதான். உங்க இடம் பிழைச்சுடும்."

"நீ சொல்லேன் பொண்ணு. உன் கையிலதான் பட்டியல் இருக்கே."

"நான் சொல்ல முடியாது. சாட்சி வாயாலதான் வரணும்."

"எழுதிக் காட்டட்டா?"

"எழுதுனாலும் படிச்சுக் காட்டச் சொல்வாங்க."

"நீயாவது சொல்லுடி," என்று ஜூராகான் பாத்மாவிடம் திரும்பினாள்.

"அக்கா, மூத்தவ நீ இருக்கும்போது நான் எப்படி..." பாத்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் வரமாட்டேங்குது அக்கா. உள்ள உக்காந்து வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தேன். நாக்கு புரளல."

ஜிபாரின் அப்பா செத்தபோது ஜூராகான் நாற்பது நாள் ஒப்பாரி வைத்தவள். என் கூடாரத்தின் நடுக்கம்பே என்றாள், என் கணவாயின் காவலே என்றாள், என் பிள்ளைக்கு நிழலே என்றாள். ஊரே அழுதது. அப்போதுகூட வராத பெயரை இந்த எண்ணெய்ச் சாயம் பூசிய சுவர்களுக்கு நடுவில், கடிகாரம் பார்க்கிற ஒருவருக்காக எப்படிக் கொண்டுவருவது? அவள் திரும்ப உள்ளே போனாள். கேட்டார்கள். "செந்தாடி அப்பாவோட மகன்," என்றாள்.

கணவன் பெயரையே சொல்ல முடியாத சாட்சியை நம்புவதற்கில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.

ஒரு வாரம் கழித்துக் கம்பெனி ஆட்கள் வந்து, சரிவு முழுக்க இரும்புக் குச்சிகளை அடித்து, நுனியில் சிவப்புத் துணி கட்டினார்கள். ஒரு குச்சி, மூன்றாவது குவிமாடத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. பெண்கள் இடுகாட்டுச் சுவருக்குள் போகிற வழக்கம் இல்லை. ஜூராகான் வெளியே நின்றபடியே அந்தத் துணி காற்றில் அடித்துக்கொள்வதைப் பார்த்தாள். கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டு அவரைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டதாக அவளுக்குப் பட்டது.

"நான் சொல்றேன்," என்று வீட்டுக்கு வந்து பாத்மாவிடம் சொன்னாள். "மேல் கோர்ட்டுல சொல்றேன். வர்றது வரட்டும்."

"நீ சொன்னா நான் உன் பின்னாலயே சொல்லிடறேன் அக்கா. ஆனா வருமா உனக்கு?"

பாத்மா அவளைக் கைபேசிக்கு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், மாஸ்கோவில் இருந்த தன் புருஷனைப் பிடித்தாள். அவன் பேரும் இந்த இரண்டு பெண்களுக்கும் கிடையாது. அவன் ஜூராகானுக்குச் 'சின்னவர்'. திரையில் மைத்துனன் முகம் தெரிந்ததும் ஜூராகான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பின்னால் சிமெண்டு கலக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணி, சொல்லிடுங்க. நான் சொல்றேன், அண்ணன் சார்பா சொல்றேன். அவன் இருந்தா அவனே உங்களைச் சொல்லச் சொல்லியிருப்பான்."

"அவரு இருந்தா நான் ஏன் சொல்லணும் சின்னவரே? அவரே சொல்லிட்டுப் போயிருப்பாரே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஆமா அண்ணி," என்றான். "செத்தவங்ககிட்ட மன்னிப்பு நான் கேட்டுக்கிறேன். வேணும்னா எங்க எல்லாரு பேரையும் சொல்லுங்க."

அதன் பிறகு அவள் தினமும் விறகுக்குப் போகிற சாக்கில் ஓடைக்கு அப்பால் போனாள். தெரெஸ்கென் புதரின் வேரைத் தோண்டுவாள், சுற்றிலும் பார்ப்பாள், வாயைத் திறப்பாள். காற்றுதான் வரும். யாக்குகள் மேய்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கும். "என்னடா பார்வை, உங்க வேலையப் பாருங்க," என்று அவற்றைத் திட்டுவதற்கு மட்டும் குரல் வந்தது. நாலாவது நாள் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டு, முதலில் அதைச் சொல்லிப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கோடாலியைக் கோடாலி என்று சொன்னாள். சொல்லிவிட்டு உடம்பெல்லாம் வேர்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த நாள் அதே சொல்லை மாமனாராக நினைத்துச் சொன்னாள். அதற்கு அடுத்த நாள் வெள்ளைக் குதிரைக்காரரின் நிஜப் பெயர். புருஷன் பெயரை மட்டும் ஓடைக்கரையில் சொல்லவில்லை. அதை யாக்குகளுக்கு முன்னால் சொல்ல அவளுக்கு மனமில்லை. ஒரே ஒரு தடவைதான் சொல்வது என்றால் அது பயன்படுகிற இடத்தில் இருக்கட்டும் என்று வைத்திருந்தாள்.

மாகாண நீதிமன்றத்துக்கு ஜீப்பில் ஒன்றரை நாள் பயணம். நிகினா மனுவின் முதல் பக்கத்திலேயே வழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாள். சாட்சி பொய் சொல்லவில்லை, பயப்படவும் இல்லை, தன் இனத்தின் மரியாதையைக் காத்தாள். இந்தச் சட்டம் காக்க வந்ததும் அதே மரியாதையைத்தான் என்று. வழியில் அதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். ஜூராகானுக்கு அழுகைகூட வந்தது.

மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்தவர் நரைத்த மனிதர், குரல் தணிவு. ஓரத்தில் ஒரு இளம்பெண் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து எல்லோரும் பேசுவதைத் தட்டிக்கொண்டிருந்தாள். சாட்சியைப் பேச விட வேண்டும் என்று நிகினா கேட்டாள். நரைத்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் என்ன சொல்கிறார் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்வதற்குள் ஜூராகான் எழுந்துவிட்டாள். இப்போது நின்றால் பிறகு வராது என்று அவளுக்குத் தெரியும்.

"கோச்கோர்," என்றாள். "அவரு மகன் பால்தா. அவரு மகன்..." முக்காட்டின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எசென்கான். மூணு பேரும் கோக்-ஜார் சரிவுல கிடக்கிறாங்க. எசென்கான் என் புருஷன்."

சொல்லிவிட்டாள். அந்தப் பெயரைச் சொன்னால் அவர் முகம் கண்ணுக்கு முன்னால் வரும் என்று ஏனோ நினைத்திருந்தாள். வரவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்தது கணினிக்காரப் பெண்ணின் விரல்கள் மட்டும்தான். அவை விசைப்பலகை மேல் சும்மா கிடந்தன.

"ஏன் எழுதல அந்தப் பொண்ணு?" என்று பாத்மாவிடம் கிசுகிசுத்தாள்.

நரைத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேல்முறையீட்டுல புது சாட்சியம் எடுக்க முடியாது. கீழ் நீதிமன்றத்துல சொல்லாததுக்குத் தகுந்த காரணம் இருந்தா மட்டும்தான். உடம்பு சரியில்ல, வர முடியல, அந்த மாதிரி. இவங்க வந்திருந்தாங்க, கேள்வி கேட்டாங்க, பதில் சொல்லல."

"காரணம் அவங்க வழக்கம்," என்றாள் நிகினா. "பொண்ணுங்க அந்தப் பேருங்களைச் சொல்ல மாட்டாங்க. சிறுபான்மையோட மொழியும் வழக்கமும் காக்கப்படும்னு சட்டத்தோட முதல் வரியே சொல்லுது."

"அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு நிபுணர் சான்றிதழ் இணைச்சிருக்கீங்களா?"

"இல்ல. வாங்கித் தரேன். ரெண்டு வாரம் கொடுங்க."

"இணைக்க வேண்டிய கெடு போன வாரம் முடிஞ்சு போச்சே." அவர் ஜூராகானைப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "அம்மா, நீங்க சொன்னது என் காதுல விழுந்துது. ஆனா கோப்புல ஏறாது."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னபோது ஜூராகானுக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை பாத்மா சொன்னாள்: "நீ சொன்னது கணக்குல வராதாம் அக்கா."

"அப்ப திருப்பிக் கொடுக்கச் சொல்லு," என்றாள் ஜூராகான்.

இதை யாரும் தாஜிக்கில் மாற்றிச் சொல்லவில்லை. அன்றே மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். பாத்மா சொல்ல வேண்டிய பேச்சுக்கே இடம் வரவில்லை. அவள் வாயில் அந்தப் பெயர்கள் விழாமலே தப்பின. அதற்காக அவள் ஊர் வந்து சேரும் வரை ஜூராகானின் முகத்தைப் பார்க்கக் கூசினாள். ஜீப்பின் முன் இருக்கையில் நிகினா தலையைக் கவிழ்த்து விசும்பிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஜூராகான்தான் பையிலிருந்து தயிர்க்கட்டி எடுத்து அவள் கையில் வைத்து, "சாப்பிடு பொண்ணு, வெறும் வயித்தோட அழாதே," என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அதிகம் பேசவில்லை. கோடாலி பழையபடி 'வெட்டுறது' ஆனது. யெகாதரீன்பூர்க்கிலிருந்து மகள் ஜிபார் கூப்பிட்டு, "அம்மா, நீ அப்பா பேரைச் சொன்னியாமே, சித்தி சொன்னாங்க," என்றபோது, "யாரும் கேக்கல கண்ணு," என்று மட்டும் சொன்னாள். மாமியார் செத்து எட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஜூராகான் அடுப்புப் பக்கம் மாமியார் எப்போதும் உட்கார்ந்த இடத்தில் உட்காராமல் தள்ளி உட்கார ஆரம்பித்தாள்.

ஆகஸ்டில் கிராம நிர்வாகத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். தடித்த உடம்பு, கையில் கோப்பு. கல்லறைகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றப் போகிறார்கள், கம்பெனியே லாரி தருகிறது, அதற்குப் படிவம் நிரப்ப வேண்டும் என்றார். ஊரில் அப்போது ஆண்கள் இல்லை. பாத்மா அவருக்குத் தேநீர் ஊற்றினாள். அவர் உப்புத் தேநீரை ருசித்துக் குடித்தார், மேட்டுக்குப் பழகியவர்.

"ஒவ்வொருத்தர் எலும்புக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு பலகை. பலகையில பேரு இருக்கணும்னு உத்தரவு," என்றார். "நாளைக்கு எவனாவது வந்து எங்க தாத்தாவைக் காணோம்னு கேக்கக் கூடாது பாருங்க. சொல்லுங்கம்மா, முதல் குவிமாடம் யாரு?"

ஜூராகான் அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"வெள்ளைக் குதிரைக்காரர்."

எழுதினார். "ரெண்டாவது?"

"செந்தாடி அப்பா."

எழுதினார். பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. "மூணாவது?"

"ஜிபாரின் அப்பா."

"உங்களுக்கு என்ன உறவு?"

"நான் இந்த வீட்டு மருமக."

"இங்க கையெழுத்துப் போடுங்க."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு போடாமல் நின்றாள். "எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க."

அவர் படித்துக் காட்டினார். மூன்று பெயரும் அவள் சொன்னபடியே இருந்தன.

"இந்தப் பேரு போதுமா?"

"தாராளமாப் போதும்மா."

"பட்டியல்ல இருக்கான்னு பாக்க வேண்டாமா?"

"என்ன பட்டியல்? இடம் மாத்துறதுக்குத்தானே. பேரு எதுவா இருந்தா என்ன?" படிவத்தில் முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்து, கோப்பில் வைத்தார். "உங்களை மாதிரி எல்லாரும் ஒத்துழைச்சா எங்க வேலை எவ்வளவு சுலபம் தெரியுமா?"

அவர் போன பிறகு பாத்மா கிண்ணங்களை அலம்பாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"நிஜப் பேரைச் சொல்லியிருக்கலாமே அக்கா. இவன் எழுதிக்கிட்டிருப்பான். பலகையிலயாவது இருந்திருக்கும்."

"எழுதியிருப்பான். அதான் சொல்லல," என்றாள் ஜூராகான். "காப்பாத்துங்கன்னு போய் நின்னப்ப எழுதாதவங்க, தோண்டி எடுக்குறப்ப எழுத வேண்டாம்."

அடுத்த வாரம் லாரி வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாக வெட்டிய குழிகள் வரிசையாக இருந்தன. கம்பெனி ஆள் ஒருவன் பலகைகளில் நீலப் பெயிண்டால் எழுதி ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டு போனான். ஜூராகான் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்றாள். மூன்றாவது பலகையை நட்டபோது அது கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அவன் அதை நிமிர்த்தாமல் அடுத்ததற்குப் போய்விட்டான். அவள் இத்தனை வருஷமாக வீட்டுக்குள் மட்டும் கூப்பிட்டுவந்த அந்தப் பெயர், ஊர் பேர் தெரியாத எவனோ எழுதிய எழுத்தில், வெயிலில் நின்றது. அதையும் கொடுத்தாயிற்று என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. இனி அவரைக் கூப்பிடத் தன்னிடம் ஒரு பெயரும் மிச்சமில்லை என்று நினைத்ததும் எல்லைக் கயிற்றைக் கையால் பற்றிக்கொண்டாள். பாத்மா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். ஜூராகான் முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு, ஒப்பாரியில் வருகிற எந்தச் சொல்லும் இல்லாமல், வாய்விட்டு அழுதாள்.